வாரண்டி உள்ளவர்கள்

ஃபார்மெடோ கம்பெனியில் ட்ரெய்லர் வீடு வாங்குகிறவர்கள் சாவியைக் கையில் வாங்கியதும் ஒரு பித்தளை மணியை அடிக்க வேண்டும். அடித்தால் அலுவலகத்தில் உள்ளவர்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள். வெர்லின் ஸ்டட்ஸ்மன் அடித்தபோது மணியின் நாக்கு கழன்று தரையில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் குனிந்து அதை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, "நீங்க அடிச்சதாவே வச்சுக்கலாம் சார்" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

வெர்லினுக்கு அந்தக் கம்பெனி புதிதல்ல. வடக்கு இந்தியானாவில் அந்தப் பக்கத்து ஆட்கள் பாதிப் பேர் ட்ரெய்லர் செய்தே சோறு தின்கிறவர்கள். அவரும் முப்பது வருஷத்துக்கு மேல் அதே கம்பெனியில் கதவு மாட்டிவிட்டுப் போன மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார். பழைய ஆள் என்பதால் விலையில் தள்ளுபடி கொடுத்தார்கள்.

அங்கே வேலை நேரக் கணக்கில் கிடையாது. இன்றைக்கு இத்தனை ட்ரெய்லர் என்று காலையில் பலகையில் எழுதுவார்கள். அதை முடித்தால் முழுச் சம்பளம். முடித்ததும் வீட்டுக்குப் போகலாம். ஆகவே இருட்டோடு வந்து மதியத்துக்குள் முடித்துவிட ஓடுவார்கள். ஓடுவார்கள் என்றால் நிஜமாகவே ஓடுவார்கள். நடக்கிறவனை யாருக்கும் பிடிக்காது. கீழே விழுந்த ஸ்க்ரூவைக் குனிந்து எடுக்கிறவன் முப்பது பேரின் மதியச் சாப்பாட்டைத் தாமதப்படுத்துகிறான் என்பது கணக்கு. கதவுச் சட்டத்துக்குப் பன்னிரண்டு ஸ்க்ரூ போட வேண்டும். வெர்லின் ஆறு போடுவார். அடுத்த ஆள் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தார் என்று சொல்ல முடியாது, நினைக்க நேரமில்லை.

தன் வேலைதான் இப்படி, மற்றவர்கள் ஒழுங்காகச் செய்கிறார்கள் என்று மட்டும் அவர் உறுதியாக நம்பினார். ஓடுகிறவன், பக்கத்தில் ஓடுகிறவனின் வேலையை நின்று பார்த்ததில்லை. எனவே ட்ரெய்லர் வாங்கும்போது கதவை மட்டும் சோதித்தார். சட்டத்தைத் தடவி ஸ்க்ரூ எண்ணினார். பன்னிரண்டும் இருந்தன. அவர் இடத்துக்கு லீவை ஹாக்ஸ்டெட்லர் வந்திருந்தார். கார் வைத்துக்கொள்ளாத பழைமைக் கிறிஸ்தவப் பிரிவான ஆமிஷ் கூட்டத்துக்காரர். ஓடத் தெரியாத மனுஷன் என்று அணியே அவரைத் திட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டைப் பார்த்ததும் வெர்லினுக்குக் கண் கலங்கியது. கதவே இப்படியென்றால் மற்றதெல்லாம் எப்படியிருக்கும் என்று கையெழுத்துப் போட்டார்.

வீட்டை விற்றாகிவிட்டது. அவர் மனைவி நெல்டா இருபத்திரண்டு வருஷம் வாத்து வெட்டும் ஆலையில் ஐஸ் தண்ணீரில் கை விட்டு வேலை செய்தவள். விரல் முட்டியெல்லாம் வீங்கி, குளிர்காலத்தில் காபிக் கோப்பையைக்கூட இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்குவாள். டெக்ஸாஸின் தென்கோடியில் கடலோரமாக ஒரு முகாம் திடல். அங்கே கழிப்பறையைக் கழுவி, வருகிறவர்களுக்கு இடம் காட்டினால் ட்ரெய்லரை இனாமாக நிறுத்திக்கொள்ளலாம். வேலை உறுதியாகிவிட்டது. நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் பண்டிகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும். வராவிட்டால் அடுத்த தம்பதிக்குப் போய்விடும்.

"இன்னொரு பனிக்காலத்த இந்த ஊர்ல பாக்கமாட்டேன். பாத்தா என் பொணம்தான் பாக்கும்" என்று நெல்டா பழைய வீட்டின் சமையலறையில் நின்று சொல்லியிருந்தாள். அவள் மிகைப்படுத்திப் பேசுகிறவள் இல்லை.

கம்பெனி விதிப்படி முதல் ராத்திரியைத் தொழிற்சாலைக்குப் பின்னால் உள்ள மகிழ்ச்சித் திடல் என்ற மைதானத்தில் கழிக்க வேண்டும். ஏதாவது குறையிருந்தால் பக்கத்திலேயே சரிசெய்துகொள்ளலாம் என்பது ஏற்பாடு. வெர்லின் ட்ரெய்லரைப் பிக்கப் வண்டியில் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார். பொத்தானை அழுத்தினார். பக்கச் சுவரோடு சேர்ந்து சோபாவும் மேஜையும் வெளியே நீண்டு, வீடு ஒரு கட்டில் அகலத்துக்குப் பெரிதானது. தொழிற்சாலையில் அதைப் பிதுக்கம் என்பார்கள். கிளம்பும்போது அதே பொத்தானை மறுபடி அழுத்தினால் உள்ளே போய்விட வேண்டும்.

காலையில் அழுத்தினார். உள்ளே ஏதோ தொண்டையைக் கனைத்தது. பிதுக்கம் அசையவில்லை. பிதுக்கத்தோடு ரோட்டில் போனால் எதிரே வருகிற லாரி அதைச் செதுக்கிக்கொண்டு போய்விடும்.

வாடிக்கையாளர் மகிழ்ச்சித் துறையின் இயக்குநர் டிரெண்ட் ஓவர்மயர் வந்தான். இளவட்டம். வெள்ளை ஷூ. அந்தச் சேற்றுத் திடலில் அது எப்படி வெள்ளையாகவே இருக்கிறது என்பது வெர்லினுக்குக் கடைசிவரை புரியவில்லை.

"சார், மொதல்ல உங்க மனசுல இருந்து ஒரு வார்த்தைய எடுத்துடுங்க. இது கோளாறு இல்ல. ட்ரெய்லர் செட்டில் ஆகுது."

"வெளிய வந்தது உள்ள போகமாட்டேங்குது தம்பி."

"வெளிய வந்துதுல்ல சார்? பாதி வேலை செய்யுது. நல்லத மொதல்ல பாக்கணும். ஓடுற வீடுன்னா தெனம் ஒரு நிலநடுக்கம் மாதிரி. ஆடி அசைஞ்சு ஒரு நிலைக்கு வரணும்."

"ஆபீஸ் வாசல்லேர்ந்து இங்கதான் வந்திருக்கு. கூப்பிடு தூரம்."

"நிக்கிறதுதான் சார் இன்னும் கஷ்டம். ஓடுனா பாரம் எல்லாப் பக்கமும் போகும். நின்னா ஒரே எடத்துல நிக்கும்." ஓவர்மயர் இதை மனப்பாடமாகச் சொல்லவில்லை, அவனே நம்பித்தான் சொன்னான். "பட்டறைக்குக் கொண்டு வந்துடுங்க. அரை மணி நேர வேலை."

வெர்லின் பட்டறை வாசலைப் பார்த்தார். பிறகு பிதுக்கத்தைப் பார்த்தார். "அந்த வாசல்ல இது நுழையாது."

"நுழையாது சார். அதனாலதான் மொதல்ல பிதுக்கத்த உள்ள தள்ளணும்."

"யாரு தள்றது?"

"பட்டறை ஆளுங்க."

"அப்போ அவங்கள இங்க அனுப்பு."

"பட்டறை ஆளுங்க பட்டறைக்குள்ளதான் சார் வேலை செய்யலாம். வாசலத் தாண்டுனா அவங்களுக்கு இன்சூரன்ஸ் கிடையாது. ஒரு மனுஷனோட உயிர் விஷயம்."

"நானே தள்ளிக்கிறேன். ரெண்டு பேரக் கூட்டிட்டு வந்தா ஆச்சு."

ஓவர்மயரின் முகம் வெளுத்தது. குழந்தை கையில் கத்தியைப் பார்த்தவன்போலக் குரலைத் தாழ்த்தினான். "தொட்டுடாதீங்க சார். தொட்டா வாரண்டி போயிடும்." பிறகு பையிலிருந்து நீல ஒட்டு ஒன்றை எடுத்துப் பிதுக்கத்தின் விளிம்பில் ஒட்டி, கட்டை விரலால் இரண்டு முறை தேய்த்தான். "இப்ப நீங்க பத்திரமா இருக்கீங்க. வரிசைல சேத்துட்டேன். திடல விட்டு மட்டும் போயிடாதீங்க. போனா எடம் போயிடும்."

"வரிசைல எத்தனாவது?"

"அத சொல்றதில்ல சார். சொன்னா மத்தவங்க மனசு கஷ்டப்படும்."

மற்றவர்கள் என்று அவன் சொன்ன பிறகுதான் வெர்லின் திடலை முழுசாகப் பார்த்தார். இருபது ட்ரெய்லர்களுக்கு மேல் நின்றன. ஒன்றிரண்டின் முன்னால் தக்காளிச் செடி பட்டுப்போய் நின்றது. அப்படியென்றால் கோடையில் நட்டிருக்கிறார்கள். வேலியோரம் தபால் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பாதிரியார் வந்துபோவதாகவும், கூரை ஒழுகுகிற ஒரு விதவைக்கும் தரை இறங்கிய ஒரு கிழவருக்கும் ஆகஸ்டில் கல்யாணம் நடந்ததாகவும், இரண்டில் ஒரு ட்ரெய்லரைக் காலி செய்தால் அதன் வரிசை போய்விடும் என்பதால் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியே இருப்பதாகவும் பிறகு தெரிந்தது.

சாயங்காலம் திடலின் நடுவில் நெருப்பு மூட்டினார்கள். போய் உட்கார்ந்தால் எல்லாம் தெரிந்த முகம். பிதுக்கம் மாட்டுகிற பிரிவில் இருந்த டுவைட் கல்ப், வயரிங் செய்த ரோஸெல்லா பிளெட்சர். இருவரும் வெர்லினுக்கு முன்னால் ஓய்வு பெற்றவர்கள்.

"என்னடா டுவைட், ஒன் பிதுக்கம் ஒழுங்கா போய்ட்டு வருதா?" என்றார் வெர்லின்.

"வெண்ணெய் மாதிரி போகுது மாப்ள. வாங்குறப்ப அத மட்டும்தான் பாத்தேன். நான் மாட்டுன லட்சணம் எனக்குத் தெரியாதா? தொறந்து மூடி, தொறந்து மூடி, ஒருமணி நேரம் பாத்தேன். கூரைய நிமிந்துகூடப் பாக்கல. கூரைக்காரனுங்க நல்ல பசங்கன்னு நெனச்சேன்."

"நான் வயர மட்டும் பாத்தேன்" என்றாள் ரோஸெல்லா. "ஒவ்வொரு சுவிட்சா போட்டுப் பாத்தேன். தரை இருக்குதான்னு பாக்கல."

"நீ எதப் பாத்த?" என்று டுவைட் கேட்டார்.

"கதவ."

கூரைப் பிரிவில் வேலை பார்த்த ஒருவர் எதிர்ப் பக்கம் உட்கார்ந்து சோளம் சுட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கூரை ஒழுகாது; குளியலறைக் குழாய்தான் சுவருக்குள் எங்கேயும் போய்ச் சேரவில்லை. அவர் நிமிராமலே சோளத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

மழை வந்தது. வெர்லினின் கூரை ஓரத்தில் தண்ணீர் இறங்கிச் சுவருக்குள் போனது. உள்சுவரில் ஒட்டியிருந்த மர நிறக் காகிதம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஓவர்மயரைக் கூப்பிட்டார். அவன் கம்பெனி முத்திரை போட்ட வாளி ஒன்றைக் கையோடு கொண்டுவந்தான்.

"வேற எந்தக் கம்பெனியும் வாளி தர்றதில்ல சார்."

"கூர ஒழுகுது தம்பி."

"எவ்வளவு மழை பேஞ்சுது, எவ்வளவு உள்ள வந்திருக்கு? கணக்குப் பாருங்க. நூத்துல தொண்ணூத்தொம்பது பங்கு வெளியவே நிறுத்தியிருக்கு. பள்ளிக்கூடத்துல இந்த மார்க் வாங்குனா கட்டிப் பிடிச்சுக்குவோம்." கூரையோரத்தில் இன்னொரு நீல ஒட்டை ஒட்டினான். "இத வரிசைல தனியா சேத்திருக்கேன். பிதுக்கம் முடிஞ்சாதான் கூரை வரும்."

நெல்டா வாளியை வாங்கி ஒழுகுகிற இடத்தில் வைத்தாள். "ஏம்ப்பா, உங்கம்மா எங்க இருக்காங்க?" என்று கேட்டாள்.

"வீட்ல மேடம். செங்கல் வீடு."

"நல்லது" என்றாள் நெல்டா.

நவம்பர் பிறந்தது. முதல் உறைபனி விழுந்த காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. இது நாலு பருவமும் தாங்கும் ட்ரெய்லர் என்றுதானே எழுதியிருந்தது என்று வெர்லின் கேட்டதற்கு, நாலு பருவமும் தாங்கும், ஆனால் நாலையும் இந்தியானாவில் தாங்கும் என்று நாங்கள் எங்கே சொன்னோம் என்று ஓவர்மயர் கேட்டான். நெல்டாவின் வலது கை நடுவிரல் மடங்க மறுத்தது. அவள் அதை அக்குளில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

டெக்ஸாஸிலிருந்து ஃபோன் வந்தது. முகாம் திடல் மேலாளர் அம்மாள் நல்ல மாதிரி. "வர்றீங்கதானே? எனக்கு இன்னொரு ஜோடி காத்துக்கிட்டு இருக்காங்க. ஞாயித்துக்கெழம சாயங்காலம் வரைக்கும் பாப்பேன்" என்றாள்.

"பிக்கப் நல்லாத்தான இருக்கு? ட்ரெய்லரக் கழட்டி விட்டுட்டு ரெண்டு பேரும் போயிடலாம்" என்றாள் நெல்டா.

"ட்ரெய்லர் இல்லாம போனா எங்க படுக்குறது? வீடுன்னு இருக்குறது இது ஒண்ணுதான். விட்டுட்டுப் போனா வரிசையும் போச்சு, வாரண்டியும் போச்சு. அப்புறம் இதுக்கு நாதி கிடையாது."

"இப்ப மட்டும் என்ன நாதி இருக்கு?"

"வாரண்டி இருக்குல்ல."

"என்னமோ புள்ளயப் பெத்து வச்சிருக்கற மாதிரி பேசற" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை கம்பெனியில் நம்பிக்கைத் திருவிழா. வருஷாவருஷம் நடப்பது. விற்பனைக்காரர்கள் பல ஊர்களிலிருந்து வருவார்கள், பள்ளிக்கூடப் பாண்டு வாசிக்கும், டோனட் இனாம். கம்பெனித் தலைவர் ஹார்லன் புரூபேக்கரே வந்து பேசுவார். இந்தத் தடவை திடலிலேயே மேடை போட்டார்கள். இருப்பதில் புதிது வெர்லினின் ட்ரெய்லர்தான், பளபளப்பு போகவில்லை. அதனால் அதைப் பின்னணியாக வைத்து, சுவரை ஒட்டியே ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள்.

காலையில் பாண்டுச் சத்தம் கேட்டு வெர்லின் கதவைத் திறக்கப் போனார். கைப்பிடி திரும்பியது, கதவு வரவில்லை. தோளால் முட்டினார். ஊறி உப்பிய சுவர் இரண்டு பக்கமும் கதவைக் கவ்விப் பிடித்திருந்தது. ஆறு ஸ்க்ரூ போட்ட கதவாக இருந்தால் சட்டத்தோடு பெயர்ந்து வெளியே விழுந்திருக்கும். அது பன்னிரண்டு ஸ்க்ரூ போட்ட கதவு. அந்த ட்ரெய்லரில் ஒழுங்காகச் செய்யப்பட்ட ஒரே வேலை அவர்களை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தது.

ஆபத்துக் காலத்தில் வெளியேறுவதற்கென்று சிவப்புக் கைப்பிடி போட்ட ஜன்னல் ஒன்று உண்டு. கைப்பிடியை இழுத்தார். கைப்பிடி வந்தது. ஜன்னல் வரவில்லை. கைப்பிடியின் பின்புறம் பசை தடவி ஒட்டிய தடம் மட்டும் இருந்தது. நெல்டா அதை அவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தாள்.

ஃபோன் செய்தார். ஓவர்மயர் உடனே எடுத்தான்.

"தம்பி, கதவு தொறக்கல. மாட்டிக்கிட்டோம்."

"நீங்க உள்ள இருக்கீங்களா, வெளிய இருக்கீங்களா சார்?"

"உள்ள."

"அப்பாடா. வெளிய மாட்டிக்கிட்டவங்களுக்குத்தான் அவசரப் பட்டியல். நீங்க உங்க வீட்லதான இருக்கீங்க. சாப்பாடு இருக்கா?"

"இருக்கு. ஆனா—"

"கதவ வரிசைல சேத்துக்கறேன் சார். பிதுக்கம், கூரை, கதவு. மேடைக்குப் பக்கத்துல இருக்கீங்க, கொஞ்சம் சத்தம் போடாம இருந்தா உதவியா இருக்கும்."

வெர்லின் சத்தம் போட்டார். இரண்டு கையாலும் சுவரை அடித்தார். நெல்டா வாணலியால் அடித்தாள். வெளியே புரூபேக்கர் பேசத் தொடங்கியிருந்தார். சுவர் மெல்லிசு; ஒவ்வொரு சொல்லும் அறைக்குள்ளேயே நின்று பேசுவதுபோல் கேட்டது.

"கேக்குதா? உள்ளேர்ந்து கைதட்டுறாங்க" என்றார் புரூபேக்கர். கூட்டம் சிரித்தது. "காலைல எல்லாரும் வெளிய வந்துட்டாங்க, இவங்க மட்டும் வரல. ஏன்? வர மனசில்ல. நான் வியாபாரம் கத்துக்கிட்டது எங்கப்பாகிட்ட. அவர் சொல்வாரு, ஹார்லன், நாம ட்ரெய்லர் விக்கல, கிளம்புற ஆசைய விக்கிறோம். போய்ச் சேர்றது வாங்குனவங்க பொறுப்பு. இன்னிக்கும் அதத்தான் செய்யறோம். எங்க ஆளுங்க எவ்வளவு வேகம்னு வந்து பாருங்க. மத்தவன் ஒரு வாரத்துல செய்யறத நாங்க மத்தியானத்துக்குள்ள செய்வோம். எப்படின்னு எங்கிட்டயே நெறய பேரு கேக்குறாங்க. உண்மையச் சொல்லணும்னா எனக்கும் தெரியாது. நான் உள்ள போய்ப் பாத்ததில்ல. நம்பிக்கைன்னா அதுதான். பாத்துட்டு நம்புனா அது நம்பிக்கையா?"

கைதட்டல். நெல்டா வாணலியை இறக்கிவைத்தாள்.

"இந்தத் திடலப் பாருங்க. இங்க வந்து சேந்தவங்கள்ல ஒருத்தர்கூட எங்கள விட்டுப் போகல. நூத்துக்கு நூறு. எந்தக் கம்பெனி இப்படிச் சொல்ல முடியும்? எங்க டிரெண்ட் சொல்வான், குறை சொல்ல வர்றவங்க ஒவ்வொருத்தரும் இன்னும் நம்மகிட்ட பேசிக்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம். குறை தீந்துட்டா யார் நம்மகிட்ட பேசப் போறா?"

நெல்டா அலமாரியின் அடித்தட்டைத் திறந்து துணி சுற்றிய ஒன்றை எடுத்தாள். வாத்து ஆலையில் அவள் வைத்திருந்த கத்தி. சிறிசு, வளைந்த முனை. வீங்கிய விரல்களால் சுவரைக் கீழிருந்து மேலாகத் தடவிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் நின்று அழுத்திப் பார்த்தாள். சுவர் குழைந்தது.

"என்ன பண்ணப் போற?" என்றார் வெர்லின்.

"தள்ளிக்க."

"நெல்டா, வாரண்டி போயிடும். கூட்டத்துக்கு முன்னாடி. நெல்டா."

"போகட்டும்யா. இங்கேருந்து எதாவது ஒண்ணு போகட்டும்."

கத்தி போனது. காகிதம், ஊறிய பலகை, வெள்ளைப் பஞ்சுக்கட்டி, பிறகு கண்ணாடி நாரில் செய்த மேல்தோல். அவளுக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. மேலிருந்து கீழே ஒரு கோடு, பக்கவாட்டில் ஒரு கோடு, மறுபடி கீழே. "வாத்து நெஞ்ச அறுக்குறதுக்குக்கூட இத விட பலம் வேணும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். காலால் உதைத்தாள். சுவர்த் துண்டு புரூபேக்கரின் காலடியில் விழுந்தது. நெல்டா ஓட்டை வழியே குனிந்து வெளியே வந்து, கத்தியைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றாள்.

பாண்டுக்காரர்களுக்கு எப்போது வாசிக்க வேண்டும் என்று சரியாகச் சொல்லப்படவில்லைபோல, வாசித்துவிட்டார்கள். விற்பனைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ரெண்டு கதவு வச்ச மாடலா, எப்ப வருது என்று ஒருவர் பக்கத்து ஆளிடம் கேட்டார். புரூபேக்கர் கொஞ்சமும் தடுமாறவில்லை. "எவ்வளவு சுலபமா வெளிய வரலாம்னு பாத்தீங்களா?" என்றார்.

ஓவர்மயர்தான் உடைந்துபோனான். ஓட்டையைப் பார்த்தான், அதன் வழியே வெர்லினைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றினான். திடலில் குடியிருந்தவர்களும் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். பிதுக்கத்தின் விளிம்பிலிருந்த நீல ஒட்டை நகத்தால் கிளப்பி மெதுவாக உரித்தான். பிறகு ஏணி கொண்டுவரச் சொல்லிக் கூரையிலிருந்ததையும் உரித்தான்.

"எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல சார். இனிமே எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. நீங்க என்ன வேணா பண்ணிக்கலாம்."

வெர்லின் ஓட்டைக்குள் நின்றபடி கேட்டார். "என்ன வேணாவா?"

"ஆமா சார்" என்றான் ஓவர்மயர். அவன் கண்ணில் நிஜமாகவே நீர் இருந்தது.

"பிதுக்கத்தத் தொடலாமா?"

"தொடலாம் சார்."

"திடல விட்டுப் போலாமா?"

"போய்த்தான் சார் ஆகணும். இது வாரண்டி உள்ளவங்களுக்கான எடம்."

வெர்லின் அங்கேயே நின்றார். கைதானவனை விடுவித்தால் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அவருக்கு வந்தது சந்தோஷமில்லை, பயம். சுற்றியிருந்தவர்களின் முகத்திலும் அதே பயத்தைப் பார்த்தார்.

மதியம் ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். லீவை ஹாக்ஸ்டெட்லர் ஓடவில்லை. வழக்கம்போல் கடைசியாக நடந்து வந்து, ஆமிஷ்காரர்களை ஏற்றிப் போகும் வேனுக்காக வேலியருகே நின்றார். ஓட்டையைப் பார்த்தார். சாப்பாட்டு டப்பாவைத் தரையில் வைத்தார்.

"கதவு என்னோடதுதான?" என்றார்.

"ஆமா அண்ணே. நல்லா மாட்டியிருக்கீங்க" என்றாள் நெல்டா.

லீவை வேனைப் போகச் சொல்லிவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் நின்றார்கள், காலையெல்லாம் அவரைத் திட்டிய அதே ஆட்கள். ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்தார்கள். டுவைட் கல்ப் இரண்டடி தள்ளி, கையைப் பைக்குள் விட்டபடி நின்றார். வாரண்டி போன ட்ரெய்லரைத் தொட்டால் தன்னுடையதற்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று அவருக்கு யோசனை. வாயால் மட்டும் வழி சொன்னார்.

"அடில தண்டவாளம் மாதிரி ஒண்ணு இருக்கும் பாரு. அதுல வெட்டுன பலகைத் துண்டு ஏதாவது கிடக்கும்."

கிடந்தது. உள்ளங்கை அளவு. "எப்படிடா சரியாச் சொன்ன?" என்றார் வெர்லின்.

"அது எப்பவும் விழும். பெருக்கிட்டுத்தான் மாட்டணும்" என்று டுவைட் தொழிற்சாலைச் சுவரைப் பார்த்தார். "பெருக்க எங்க நேரம்?"

பிதுக்கத்தை உள்ளே தள்ளி, இனி எந்தப் பொத்தானுக்கும் அசையாதபடி நாலு பக்கமும் ஆணி அறைந்துவிட்டார்கள். ஓட்டைக்கு ப்ளைவுட் பலகை வெட்டி உள்ளும் புறமும் பொருத்தினார்கள். கூரை விளிம்பு முழுவதையும் சுரண்டிப் புதிதாகப் பிசின் பூசினார்கள். லீவை கதவைக் கழற்றி, ஓரங்களை இழைத்து, மறுபடி மாட்டினார். பொழுது சாய்கிற வரைக்கும் ஆனது. யாரும் ஓடவில்லை. கீழே விழுந்த ஸ்க்ரூவை எடுக்க ஒருவன் நிதானமாகக் குனிந்ததை வெர்லின் பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார்.

"இதே மாதிரி உள்ள செஞ்சா என்னங்கய்யா?" என்று நெல்டா கேட்டாள்.

"உள்ள செஞ்சா ஒரு நாளைக்கு ஒண்ணுதான் முடியும்" என்றான் ஒருவன். அவனுக்கே அது வேடிக்கையாகத் தோன்றியது, ஆனால் சிரிக்கவில்லை.

பிக்கப்பில் ட்ரெய்லரை மாட்டினார்கள். திடலில் உள்ளவர்கள் தத்தம் வாசலில் வந்து நின்றார்கள். ரோஸெல்லா, இழவு வீட்டுக்குக் கொண்டு போகிற மாதிரி, உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும் சீஸும் போட்டுச் சுட்ட தட்டு ஒன்றைத் துணி மூடிக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினாள். வண்டியில் கை படாமல் பார்த்துக்கொண்டாள்.

"மனச விட்டுடாதீங்க" என்றாள். "எல்லாருக்கும் ஒரு நாள் வர்றதுதான்."

"நீயும் வந்துடேன் ரோஸெல்லா. ரெண்டு பலகை, ஒரு மத்தியானம். தரைய மாத்திடலாம்" என்றாள் நெல்டா.

ரோஸெல்லா பின்னால் நகர்ந்தாள். "எனக்கு இன்னும் ஏழு மாசம் வாரண்டி இருக்கு" என்றாள்.

டுவைட் வாசல்வரை கூடவே நடந்து வந்தார். "ஏதாவது ஒடஞ்சா எங்க போவ மாப்ள?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

வெர்லினின் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. வண்டி வாசலில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் டெக்ஸாஸ். வழியில் உடைந்தால் யாரும் இல்லை. பின்னால் ஓவர்மயர் பளபளக்கிற புது ட்ரெய்லர் ஒன்றைக் கைகாட்டி, அவர்கள் நின்ற இடத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"ஓட்டு" என்றாள் நெல்டா. மடங்காத விரலோடு அவர் முழங்கால்மேல் கை வைத்து அழுத்தினாள். "ஒடஞ்சா ஒடஞ்ச எடத்துல நிப்போம். இங்க நிக்க வேணாம். ஓட்டு."

அவர் காலை எடுத்தார். வண்டி ரோட்டில் ஏறியது. கண்ணாடியில் பார்த்தபோது டுவைட் வாசலிலேயே நின்று அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர்போலத் திரும்பி, அந்த வயதில் முடிந்த அளவு வேகமாக, தன் ட்ரெய்லரை நோக்கி ஓடினார். அவர் மனைவியைக் கூப்பிடுகிற குரல் ரோடுவரை கேட்டது.

"மேவிஸ், கேட்டியா, வரிசைல ஒரு எடம் முன்னால வந்துட்டோம்."